யவனர் வந்த வழி – 12: யானைக்காகக் கட்டிய துறைமுகம்

சென்ற இதழில் அலெக்சாந்தரைப் பியாஸ் ஆற்றங்கரையில் விட்டுவந்தோம். கி.மு. 326. ஜீலம் கரையில் போரஸை வென்ற கையோடு கங்கைச் சமவெளியில் இறங்கிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். எட்டு வருடமாக வீட்டு வாசலை மிதிக்காத படைவீரர்கள் கேட்கவில்லை. இதற்கு மேல் ஓர் அடியும் எடுத்து வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். கோபித்துக்கொண்டு கூடாரத்துக்குள் கிடந்து பார்த்தான். யாரும் வந்து கெஞ்சவில்லை. பன்னிரண்டு தெய்வங்களுக்குப் பலிபீடம் எழுப்பிவிட்டுத் திரும்பினான். கி.மு. 323இல் பாபிலோனில் செத்தபோது அவனுக்கு வயது 32.

இந்தத் தொடரைத் திருப்பனந்தாளில் உட்கார்ந்து எழுதுகிறவனிடம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அலெக்சாந்தர் பஞ்சாபோடு போய்விட்டான். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே நெல் நட்டுக்கொண்டிருந்த நமக்கும் கிரேக்கனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?” நியாயமான கேள்வி. பியாஸ் ஆற்றிலிருந்து காவிரி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அவன் வாள் இந்தப் பக்கம் வரவேயில்லை. ஆனால் இந்தியாவுக்குள் நுழைவதற்கு ஐந்து வருடம் முன்பு, கி.மு. 331இல், நைல் நதி கடலில் கலக்கும் இடத்தருகே அவன் ஒரு நகரத்துக்குக் கோடு கிழித்துவிட்டுப் போயிருந்தான். அதன் பெயர் அலெக்சாந்திரியா. அந்த நகரம்தான் காவிரிக்கு வந்தது. வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. நடுவில் யானைகள் வருகின்றன.

அலெக்சாந்தர் இறந்ததும் தளபதிகள் அவன் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். கிழக்குப் பகுதி செலூக்கஸிடம், எகிப்து தாலமியிடம். செலூக்கஸ் சிந்து நதிப் பக்கம் வந்து சந்திரகுப்த மௌரியனோடு மோதிப் பார்த்தான். கடைசியில் சமாதானம் பேசினான். கி.மு. 303 வாக்கில் முடிந்த அந்த உடன்படிக்கையில் செலூக்கஸ் விட்டுக்கொடுத்தது இன்றைய ஆப்கானிஸ்தானின் பெரும்பகுதியை. பதிலுக்குப் பெற்றது 500 யானைகளை. நாட்டைக் கொடுத்து யானை வாங்கிய பைத்தியக்காரன் என்று நினைக்க வேண்டாம். கி.மு. 301இல் இப்சஸ் போர்க்களத்தில் அந்த யானைகளை வரிசையாக நிறுத்தி எதிரியின் குதிரைப்படை திரும்பி வரமுடியாமல் மறித்துவிட்டான். மேற்கே ஆசியா மைனர் வரை அவன் வம்சத்துக்கு வழி திறந்துவிட்ட போர் அது.

இந்த உடன்படிக்கையின் பின்னால் பாடலிபுத்திரத்துக்குத் தூதனாக வந்தவன் மெகஸ்தனிஸ். அவன் எழுதிய ‘இண்டிகா’ முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்காலத்தவர்கள் எடுத்தாண்ட துண்டுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நமக்கு வேண்டியது. ஹெராக்ளிஸ் என்ற வீரனுக்குப் பண்டையா என்றொரு மகள். கடல் வரை நீண்ட தென்பகுதியை அவளுக்குக் கொடுத்தான். அங்கே 365 ஊர்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊராக அரசிக்குத் திறை கொண்டுவர வேண்டும். பாண்டிய நாட்டைப் பற்றிப் பாடலிபுத்திரத்துச் சந்தையில் உலவிய கதையைக் கிரேக்கத் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டான் தூதன். பெண் ஆட்சி, வருஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும் வரி என்று கதை அழகாகத்தான் இருக்கிறது. வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. தெற்கே ஒரு பாண்டிய நாடு உண்டு என்ற செய்தி கி.மு. 300 வாக்கிலேயே கிரேக்க எழுத்தில் ஏறிவிட்டது என்பதற்கு மட்டும் இது சாட்சி.

சோழனும் கிரேக்கனும் சேர்ந்து நிற்கும் சாட்சி கல்லில் இருக்கிறது. சந்திரகுப்தனின் பேரன் அசோகன் வெட்டிவைத்த பெரும்பாறைக் கல்வெட்டுகளில் இரண்டாவதை எடுத்துப் பாருங்கள். மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்தேன், மூலிகை இல்லாத இடங்களுக்கு அனுப்பி நடச்செய்தேன், வழியில் கிணறு வெட்டி மரம் வைத்தேன் என்கிறான். எங்கெங்கே? தன் நாட்டில், பிறகு எல்லைக்கு வெளியே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை, அடுத்த மூச்சில் அந்தியோகன் என்னும் யவன அரசன். செலூக்கஸின் பேரன் இரண்டாம் அந்தியோக்கஸ்தான் இவன். பதின்மூன்றாம் கல்வெட்டில் பட்டியல் இன்னும் நீள்கிறது: எகிப்தின் தாலமி, மாசிடோனியாவின் அந்திகோனஸ், சைரினியின் மகஸ், அலெக்சாந்தர் என்று பெயர் கொண்ட இன்னொரு மன்னன். அந்த வரிசை முடிந்ததும் தெற்கே சோழர், பாண்டியர். சோழர் என்ற பெயர் கல்லில் ஏறிய மிகப் பழைய இடம் இந்தக் கல்வெட்டுகள். சோழன் அங்கே மௌரியனுக்கு அடங்கியவனாக இல்லை. கிரேக்க அரசர்களைப் போலவே எல்லைக்கு வெளியே இருக்கும் பக்கத்து அரசன். தஞ்சைப் பெரியகோயில் எழ இன்னும் ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் இருந்தது.

யானைக்குத் திரும்புவோம்.

இந்திய யானை வரும் தரைவழி முழுவதும் செலூக்கஸ் வம்சத்தின் கையில். எகிப்தில் இருந்த தாலமிகளுக்கு வயிற்றெரிச்சல். எதிரியிடம் யானை இருக்கிறது, தங்களிடம் இல்லை. இரண்டாம் தாலமி பிலடெல்பஸ் ஒரு வழி கண்டுபிடித்தான்: ஆப்பிரிக்காவில் இருக்கும் யானையைப் பிடித்து வருவது. செங்கடல் கரை நெடுகத் தெற்கே வேட்டை முகாம்கள் போட்டான். பிடித்த யானைகளைக் கப்பலில் ஏற்றி வடக்கே கொண்டுவந்து இறக்கத் துறைமுகங்கள் கட்டினான். அவற்றில் ஒன்றுக்குத் தன் தாயின் பெயரை வைத்தான்: பெரெனிகே. கி.மு. 275 வாக்கில் எழுந்த ஊர். இறங்கிய யானைகளைப் பாலைவனத்தில் நடத்தி நைல் கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், வழியில் கிணறு வெட்டிக் காவல் சாவடியும் அமைத்தார்கள். யானை ஏற்றிய கப்பல் பாரத்தால் ஆழமாக அமிழ்ந்து செல்லும். செங்கடலின் பவளப்பாறைகளில் அடிதட்டி அடிக்கடி மாட்டிக்கொள்ளும். எத்தனை செலவு, எத்தனை உயிர்! எல்லாம் எதற்கு? கி.மு. 217இல் ராபியா போரில் இரண்டு வகை யானைகளும் நேருக்கு நேர் நின்றன. எகிப்தின் பக்கம் 73 ஆப்பிரிக்க யானைகள், செலூக்கஸ் வம்சத்து மூன்றாம் அந்தியோக்கஸ் பக்கம் 102 இந்திய யானைகள். இந்திய யானையின் வாடையும் பிளிறலும் பட்டதுமே ஆப்பிரிக்க யானைகளில் பெரும்பாலானவை முன்னேற மறுத்துப் பின்வாங்கின என்று பாலிபியஸ் எழுதுகிறான். போரில் ஜெயித்தது என்னவோ எகிப்துதான். ஆனால் யானைகளால் அல்ல, காலாட்படையால்.

யானை வேட்டை மெல்ல ஓய்ந்தது. துறைமுகமும், பாலைவனப் பாதையும், கிணறும் அப்படியே இருந்தன. இந்த இடத்தில் ஒரு மாலுமி வருகிறான். கி.மு. 118 வாக்கில், செங்கடல் முகப்பில் குற்றுயிராகக் கிடந்த இந்தியன் ஒருவனைக் கடற்காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்து எட்டாம் தாலமியின் முன் நிறுத்தினார்கள். அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. கிரேக்கம் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு சொன்னான்: இந்தியாவிலிருந்து வந்த கப்பல் திசை தவறிவிட்டது, கூட வந்தவர்கள் பட்டினியால் இறந்துபோனார்கள், நீங்கள் ஆள் அனுப்பினால் நான் வழி காட்டுகிறேன். சிசிகஸ் ஊர்க்காரனான யுடாக்ஸஸ் அவனோடு புறப்பட்டான். வாசனைப் பொருளும் மணிக்கற்களுமாகத் திரும்பி வந்தான். அரசன் ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டான். இந்தக் கதையை எடுத்து எழுதும் ஸ்ட்ராபோவே இதை நம்பவில்லை. நான் பாதி நம்புகிறேன். குறிப்பாக, அரசன் பிடுங்கிக்கொண்ட பாதியை.

யார் யாருக்கு வழி காட்டியிருந்தாலும், தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடலைக் குறுக்கே கடந்து வரும் வித்தை அந்த நூற்றாண்டில் கிரேக்க மாலுமிகளுக்குக் கைவந்துவிட்டது. அரபு, இந்திய மாலுமிகளுக்கு அது அதற்கு முன்பே பழகிய காற்று. கி.மு. 30இல் எகிப்து ரோமாபுரியின் கைக்குப் போனது. சில வருடங்கள் கழித்து அங்கே போன ஸ்ட்ராபோ, மயோஸ் ஹார்மோஸ் என்ற ஒரே துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல் வரை இந்தியாவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டான். தாலமிகள் காலத்தில் துணிந்து போனவர்கள் வெகு சிலரே என்றும் சேர்த்து எழுதினான். ஆட்சி ரோமாபுரியுடையது, கப்பல் ஓட்டியவனும் கணக்கெழுதியவனும் பேசியது கிரேக்கம். நம் இலக்கியத்தில் வரும் யவனர் என்றால் பெரும்பாலும் இவர்கள்தான்.

அப்படி வந்துபோன ஒருவன் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கிரேக்கத்தில் எழுதிய கையேடு ‘பெரிப்ளஸ்’ என்று அறியப்படுகிறது. எகிப்தில் வாழ்ந்தவன், தன் பெயரைப் போட்டுக்கொள்ளாதவன். இலக்கியமெல்லாம் இல்லை, எந்தத் துறையில் எது விற்கும், எது வாங்கலாம், எங்கே அலை மோசம் என்று மட்டும் எழுதுகிறான். சேரநாட்டு முசிறிப் பக்கம் கொண்டுபோக வேண்டியவை: ஏராளமாக நாணயம், பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, தகரம், ஈயம், கண்ணுக்கிடும் அஞ்சனக் கல், கொஞ்சம் மது. வாங்கி வர வேண்டியவை: மிளகு, முத்து, தந்தம், பட்டு, மணிக்கற்கள், ஆமையோடு. பட்டியலின் நடுவே ஒரு வரி என்னை நிறுத்தியது. கோதுமையும் எடுத்துப் போங்கள், கப்பலில் இருப்பவர்களுக்குப் போதுமான அளவு. ஏனென்றால் அந்த ஊர் வியாபாரிகள் கோதுமையைத் தொடுவதில்லை. சோறு தின்னும் நாட்டில் இறங்கிய முதல் ரொட்டிக்காரனின் கவலை அந்த ஒரு வரியில் அப்படியே இருக்கிறது.

மிளகு எகிப்தில் போய் இறங்கியதற்குக் கண்கண்ட சாட்சி பெரெனிகே அகழாய்வில் கிடைத்தது. செராபிஸ் கோயில் முற்றத்தில் தரையில் பதித்த பெரிய பானை ஒன்று. பானை இந்தியச் செய்நேர்த்தி. உள்ளே ஏழரைக் கிலோ கருமிளகு. முதல் நூற்றாண்டில் கொட்டிவைத்த மிளகு. எடுத்து எண்ணும்போதும் மணி மணியாக இருந்தது. யானைக்காகக் கட்டிய துறைமுகத்தில் கோயில் பண்டகத்துக்கு நம் மேற்குமலை மிளகு. அதே செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓட்டில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் கீறியிருக்கிறது. உறியில் தொங்கவிட்ட பானை. எவனோ ஒரு தமிழன் தன் சாமானைத் தானே அடையாளம் போட்டு வைத்திருக்கிறான். போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை.

வியாபாரத்தின் கனத்துக்கு ஒரே ஓர் ஆவணம் போதும். இன்று வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஓலை, 1985இல் அச்சேறியது. முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடனின் ஒப்பந்தம் கிரேக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது: சரக்கைச் செங்கடலில் இறக்கி, ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனத்தைக் கடந்து, நைலில் படகேற்றி அலெக்சாந்திரியாக் கிடங்கில் சேர்க்க வேண்டும், அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம். பின்பக்கத்தில் ‘ஹெர்மபொலோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. வரி போக மீதி மதிப்பே எழுபது லட்சம் செஸ்டர்ஸை ஒட்டி வருகிறது. இந்தியா வருடந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி புலம்பியதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, இதெல்லாம் சேரநாட்டுக் கரை. காவிரிக்கு எப்படி? பெரிய யவனக் கப்பல்கள் பெரும்பாலும் மேற்குக் கரையோடு நின்றன. சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டில் புகுந்து, கொடுமணல் தாண்டி, கரூருக்கு வந்து, காவிரியோடு கிழக்கே இறங்கியது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் ரோமானியக் காசுகளோடு கிரேக்க நகரங்களின் காசுகளும் கிடைத்திருக்கின்றன; ஆர். கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தனி நூலாகவே 2000இல் வெளியிட்டார். கிழக்குக் கரையில் மூன்று துறைகளைப் பெரிப்ளஸ் சொல்கிறது: கமரா, பொடுகே, சோபட்மா. முதலாவதைக் காவிரிப்பூம்பட்டினம் என்றே பலரும் கொள்கிறார்கள். அங்கிருந்து கங்கைக்கும் பொன்னாடு எனப்பட்ட தென்கிழக்காசியாவுக்கும் போன பெருங்கப்பல்கள் நம்மவை. கி.பி. 150 வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்துகொண்டு உலகப் படம் வரைந்த தாலமி என்னும் வானியலறிஞர் காபெரோஸ் ஆற்று முகத்தையும், காபெரிஸ் என்ற வணிகத் துறையையும் குறித்தார். (அரச வம்சத்துத் தாலமிகளோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்தியாவின் தென்கோணத்தை அவர் தட்டையாக்கிவிட்டார், இலங்கையை ஊதிப் பெருக்கிவிட்டார். காவிரியை விடவில்லை.

பூம்புகாரில் 1962 தொடங்கி இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, கீழையூரில் செங்கல் படகுத்துறையும் படகு கட்டும் மரக்கம்பமும் வெளிப்பட்டன. மரத்தின் காலக் கணிப்பு அசோகன் காலத்தை ஒட்டி நிற்கிறது. யவனன் வந்து நமக்குத் துறைமுகம் கட்டிக்கொடுக்கவில்லை. இருந்த துறைமுகத்துக்கு வந்தான்.

வந்தவனை நம் புலவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்ததே இதுதான். வாயைப் பிளந்து பார்க்கவில்லை. அகநானூற்றில் பொன்னோடு வந்து மிளகோடு போகும் கப்பல்காரன். புறநானூற்றில் பாண்டியன் குடிக்கும் மதுவைக் கொண்டுவந்தவன். நெடுநல்வாடையில் அரண்மனைப் பாவைவிளக்கைச் செய்தவன். முல்லைப்பாட்டில் பாசறையில் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் காவலாள். மணிமேகலையில் சோழன் அரண்மனை மண்டபத்துக்கு மராட்டிய, அவந்தி, மகதக் கைவினைஞரோடு சேர்ந்து வேலை பார்க்கும் தச்சன். சிலப்பதிகாரத்தில் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் குடியிருப்பவன். சிலம்பும் மேகலையும் வணிகத்தின் உச்சகாலத்துக்குப் பிந்தியவை என்றாலும் நினைவு மங்கவில்லை. உலகத்தை வென்ற இனம் என்று கிரேக்கர் தங்களைப் பற்றி எழுதிவைத்துக்கொண்ட அதே நூற்றாண்டுகளில், தமிழ்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த இடம் வியாபாரி, கூலிக் காவலன், தச்சன், விளக்கு வார்ப்பவன்.

போரும் ஒன்று உண்டு. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்ததைச் சொல்கிறது. தலையில் நெய்யை ஊற்றி, கையைப் பின்னால் கட்டி, அவர்களிடமிருந்த விலையுயர்ந்த நகைகளையும் வயிரத்தையும் பறித்துக்கொண்டானாம். கடற்கொள்ளைக்காரர்களோ, சுங்கம் கட்டாமல் ஏமாற்றிய வியாபாரிகளோ, பதிகம் பாடியவர் விவரம் தரவில்லை. கிரேக்கரின் படையெடுப்பு வரலாற்றில் தமிழ்நாட்டுப் பக்கம் எழுத வேண்டியது இந்த ஒரு சம்பவம்தான். அதிலும் கட்டுண்டு நின்றவர்கள் அவர்கள்.

இந்தச் சாட்சிகளெல்லாம் ஓலைச்சுவடியில் கிடந்தன. பெரிப்ளஸை மெக்கிரிண்டில் 1879இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதற்கு இணையான தமிழ்ச் சாட்சி இருப்பது வெளியுலகத்துக்குத் தெரியாது. மறு வருடம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அச்சேற்றினார். திருப்பனந்தாளிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடும் ஊர் அது. திருப்பனந்தாள் காசி மடமும் திருவாவடுதுறை ஆதீனமும் தமிழ் வித்துவான்களுக்குச் சோறு போட்டு ஆதரித்த இந்த வட்டாரத்தில்தான் யவனர் தமிழில் மறுபடி கரையேறினார்கள். 1904இல் வி. கனகசபை இரண்டு பக்கத்துச் சாட்சியையும் சேர்த்து வைத்து ஆங்கிலத்தில் எழுதினார்.

கிரேக்கச் சிந்தனை? பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் மிளகுக் கப்பலில் வந்தார்களா என்று கேட்டால், வரவில்லை என்பதுதான் என் பதில். நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தெனிஸ் அலெக்சாந்திரியாவில்தான் இருந்தார். அவர் நூலகத்துக்கும் கப்பல் துறைக்கும் நடந்துபோகும் தூரம்தான். ஆனால் கப்பலேறியவன் கடன் வாங்கியவன். பருவக்காற்று திரும்புவதற்குள் சரக்கேற்றிக்கொண்டு புறப்பட்டாக வேண்டும். தத்துவம் பேச நேரம் ஏது? வள்ளுவரையும் சாக்ரடீஸையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும் மேடைப்பேச்சு இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. உருப்படியான ஒப்பீடு வேறு இடத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த க. கைலாசபதி, கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்து, ஹோமர் மரபின் பாடகர்களையும் நம் பாணரையும் சேர்த்துப் படித்து ‘தமிழ் வீரயுகக் கவிதை’ பற்றிய நூலை 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரண்டு மரபும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை என்று அவர் சொல்லவில்லை. அரசன் சோற்றில் வாழ்ந்து அரசனையே பாடிய வாய்மொழிக் கலைஞர்கள் எங்கும் ஒரே மாதிரியான வழிமுறைகளைக் கையாண்டார்கள் என்றார். அவர் முடிவுகளை மறுத்தவர்களும் உண்டு. அந்தச் சண்டையை இன்னொரு வாரம் விரிவாகப் பார்க்கலாம்.

அடுத்த இதழில் அரிக்கமேடு: 1945இல் வீலர் தோண்டிய குழிகளும், அடி கூராக, இரண்டு காது வைத்த மதுச்சாடிகளும். அதற்கு முன் டெல்டா வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். குளம் தூர்வாரும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, ஆற்றுப் படுகையிலோ பழைய காசோ, எழுத்துக் கீறிய ஓடோ கிடைத்தால் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிடைத்த இடத்தைப் படம் எடுத்துவைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது.